வீடு ஒன்பது, விரிசல் மூன்று

மார்ச் 6, திங்கள்

இந்த நோட்டு கம்பெனி கொடுத்தது. எண்களை மட்டும் குறித்துவைக்கச் சொன்னார்கள். எண்களுக்குத் தனியாகப் படிவம் இருக்கிறது. ஆகவே இதில் என் சொந்த விஷயங்கள்.

வேலை இதுதான். மண்ணடியில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு ஹோட்டல் வருகிறது. பூமிக்கடியில் இரண்டு தளம் தோண்டுகிறார்கள். சுற்றிலும் பதினான்கு பழைய வீடுகள். தோண்டத் தோண்ட அவற்றின் சுவர்கள் நகர்கின்றனவா என்று கவனிக்க எங்கள் கம்பெனியை அமர்த்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு விரிசலுக்கும் இரண்டு பக்கமும் எஃகு ஊசி பதிப்போம். இரண்டு ஊசிக்கும் இடையே உள்ள தூரத்தைக் காலிப்பரால் அளப்போம். முதல் நாள் அளவுதான் பூஜ்யம். அதற்கு மேல் 0.40 மில்லிமீட்டர் கூடினால் மஞ்சள், சுவருக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். 0.80 கூடினால் சிவப்பு, ஆட்களை வெளியேற்ற வேண்டும். இந்த அட்டவணையை டைப் அடித்தவனே நான்தான்.

அளவெடுப்பது காலை ஆறு மணிக்கு. ஏழரைக்கு மேல் மீன்பாடி வண்டிகளும் மூட்டை லாரிகளும் வந்துவிடும், தெருவில் ஏணி வைக்க முடியாது. எல்லோரும் எப்போதும் ஆறு மணிக்கே எடுப்பதால் படிவத்தில் நேரத்துக்கு என்று ஒரு கட்டம்கூடக் கிடையாது.

ஒன்பதாம் எண் வீட்டின் மொட்டை மாடி அறையில்தான் நான் வாடகைக்கு இருக்கிறேன். சேதுமாதவன் சாரிடம் சொன்னேன். அவர்தான் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் இன்ஜினியர்.

"அங்கயே குடியிருக்கியா? நல்லதாப் போச்சு குணாளா. லேட்டாயிடுச்சுன்னு சொல்ல முடியாது பார்."

மார்ச் 9, வியாழன்

தண்ணீர் வரவில்லை. சிகாமணியிடம் கேட்டேன். வீட்டு ஓனர் அண்ணாநகரில் இருக்கிறார், அவருக்காக எல்லாம் பார்ப்பவன் இந்தச் சிகாமணி. தெருவாசல் கிரில் கேட்டின் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு தூங்குவான் போல. "மோட்டார் ரிப்பேர்" என்றான். மோட்டாரைத் திறந்து பார்த்தேன். ரிப்பேர் இல்லை, ஃபியூஸைப் பிடுங்கிவைத்திருக்கிறான். போட்டுவிட்டுக் குளித்தேன்.

தெருமுனைப் பூட்டுக் கடை காபிக் கடையாகிவிட்டது. கைவண்டி ஒன்றைக் கவிழ்த்து மேஜையாக்கிப் போட்டிருக்கிறார்கள். உயிரோடு இருக்கும் கைவண்டிக்காரன் அந்த வாசலில் நின்று பீடி பற்றவைத்தால் விரட்டுகிறார்கள்.

மார்ச் 14, செவ்வாய்

மாடிப் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக வரும், வரட்டும்.

அம்மாவுக்கு நேற்று எழும்பூரில் கண் ஆபரேஷன். இன்று காலை பத்து மணிக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரம் என் அறையில் இருந்து, மறுபடி காட்டிவிட்டு ஊருக்குப் போவதாக ஏற்பாடு. இன்று பெரம்பூர் சைட்டில் கான்கிரீட் டெஸ்ட், நகர முடியவில்லை. போன் பையில் இருந்தது. ஆறு மிஸ்டு கால். முதல் கால் 10.20.

அம்மா தானே ஆட்டோ பிடித்து வந்திருக்கிறாள். சிகாமணி கேட்டைத் திறக்கவில்லை. கண்ணில் பச்சைத் துணி, மேலே கறுப்புக் கண்ணாடி, கையில் ஒயர் கூடை. அந்த நிலையில் ஒரு மனுஷியை இரண்டு மணி நேரம் வெயிலில், ஹோட்டல் குழி மண் பறக்கும் தெருவில் நிற்கவைத்திருக்கிறான். முதல் மாடி டெய்சி அக்கா சாப்பாட்டுக் கூடையோடு கீழே இறங்கியபோது பார்த்துவிட்டு, தன் சாவியால் திறந்து உள்ளே கூட்டிப்போயிருக்கிறாள்.

வந்ததும் சிகாமணியைப் பிடித்தேன்.

"எங்கம்மாவை ஏன்யா வெளிய நிக்கவெச்ச?"

"உங்கம்மான்னு நெத்தியில எழுதியிருக்கா? பேச்சலர் ரூம் தம்பி அது. அக்ரிமென்ட்ல ஒரு ஆள்னு போட்டிருக்கு. இன்னிக்கு அம்மா, நாளைக்கு யாரு?"

சட்டையைப் பிடித்தேன். டெய்சி அக்கா மேலிருந்து கத்தினாள். "டேய், விடுறா அவனை! அம்மா பயப்படுது!"

விட்டேன். விட்டது தப்பு.

மார்ச் 16, வியாழன்

அம்மாவின் கண் சிவந்து வீங்கிவிட்டது. திரும்ப அட்மிஷன். இன்ஃபெக்‌ஷன் என்கிறார்கள். "சொட்டு மருந்து அன்னிக்கு எத்தனை மணிக்கு ஆரம்பிச்சீங்க?" என்று டாக்டர் கேட்டார். நான் தெருத் தூசியைப் பற்றிச் சொன்னேன். "அதுவும் இருக்கலாம்" என்றார். எழுதிக்கொண்டவர் மருந்து நேரத்தைத்தான் எழுதினார்.

சிகாமணி. அவனுக்கு மேலே ஓனர் கோதண்டபாணி. இரண்டு பேரும் இதற்குப் பதில் சொல்வார்கள்.

மார்ச் 19, ஞாயிறு

அம்மா டிஸ்சார்ஜ். பார்வை மங்கல்தான். மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்கலாம் என்றார்கள். என் அறைக்கு அல்ல, டெய்சி அக்கா வீட்டுக்குத்தான் வந்தாள். அக்கா சிகாமணியின் காதில் விழ வேண்டும் என்றே படிக்கட்டில் நின்று பேசினாள்.

"என் போர்ஷனு, என் இஷ்டம். நான் பத்துப் பேரைக் கூட்டியாந்து வெச்சிப்பேன். வந்து கேளு பாப்போம்."

அக்காவை ஏன் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று இன்றுதான் முழுதாகத் தெரிந்தது. அவள் மாமியார் காலத்து வாடகைக்காரி. காலி செய்யச் சொல்லி ஓனர் போட்ட கேஸ் பதினோரு வருஷமாக நடக்கிறது. அக்கா தோற்கவில்லை. முன் அறையில் நாலு அடுப்பு. மதியம் அறுபது பேருக்குச் சாப்பாடு. மூட்டை தூக்குபவர்கள், கடைச் சிப்பந்திகள், ஒரு நோட்டரி வக்கீல்கூட. படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வஞ்சிரம் இருந்தால் தெருவே மணக்கும்.

"இந்த எடம் போனா எனக்குச் சோறு இல்ல தம்பி. ஊருக்கு வெளிய பெரும்பாக்கத்துல போய் அடுப்பு வெச்சா யார் வந்து துன்னுவா? இந்தப் பசங்க பசி இங்கதான இருக்குது?"

அம்மாவுக்கு அவளே வேளை தவறாமல் சொட்டு மருந்து விடுகிறாள். எனக்கும் இப்போது அங்கேதான் சாப்பாடு.

மார்ச் 20, திங்கள்

காலை ஆறு மணிக்குப் பதினான்கு வீடும் எடுத்தாகிவிட்டது. எல்லாம் சுத்தம். எங்கள் வீட்டு விரிசல் மூன்று 0.05. அது நான் ஏறும் படிக்கட்டின் உச்சியில், மேற்குச் சுவரில், கூரை ஸ்லாபுக்குக் கீழே ஓடும் விரிசல்.

மதியம் லீவு. மூன்றரைக்கு மாடி ஏறும்போது காலிப்பர் கையில் இருந்தது. சும்மா வைத்துப் பார்த்தேன்.

0.52.

இரண்டு முறை அளந்தேன். அதேதான்.

காரணம் எளிது. கீழே சுண்ணாம்பும் செங்கல்லும் சேர்ந்த பழைய சுவர். மேலே எண்பத்தெட்டில் போட்ட கான்கிரீட் ஸ்லாப். வெயிலில் ஸ்லாப் நீள்கிறது, சுவரின் தலையைப் பிடித்துத் தள்ளுகிறது, விரிசல் திறக்கிறது. ராத்திரி குளிர்ந்ததும் மூடிக்கொள்கிறது. டிப்ளமோ மூன்றாம் வருஷப் பாடம். இதில் ஆபத்து எதுவும் இல்லை. தெருவில் ஏணி தேவைப்படாத, எந்த நேரமும் அளக்கக்கூடிய ஒரே விரிசல் இது.

ஏப்ரலில் வெயில் இன்னும் ஏறும்.

மார்ச் 21, செவ்வாய்

அம்மாவை ஊருக்கு பஸ் ஏற்றினேன். "யார்கிட்டயும் சண்டைக்குப் போவாத சாமி" என்றாள். சரி என்றேன்.

மார்ச் 27, திங்கள்

மற்ற பதின்மூன்று வீடுகள் காலை ஆறு மணிக்கு. வீடு ஒன்பது மாலை மூன்றரைக்கு. 0.58. படிவத்தில் 0.58 என்றே எழுதினேன். ஊசிக்கு நடுவே உள்ள தூரம் 0.58 கூடியிருந்தது, எழுதினேன். பொய்யான எண் ஒன்றுகூட இதுவரை நான் எழுதியதில்லை, இனியும் எழுத மாட்டேன்.

மஞ்சள்.

மார்ச் 30, வியாழன்

ரிப்போர்ட் ஓனருக்குப் போய்விட்டது. சிகாமணி மாடிக்கே வந்தான். முதல் முறையாகச் செருப்பை வாசலில் கழற்றினான்.

"என்ன தம்பி, மஞ்சள்னு போட்டிருக்கீங்களாமே?"

"சுவர் போட்டிருக்கு."

"முட்டுக் கொடுத்தா போதும்ல? சிவப்பு எல்லாம் வராதுல்ல?"

"வந்தா வரும்."

"ஐயோ தம்பி, சிவப்பு மட்டும் வேணாம். ஓனர் ஒடைஞ்சே போயிடுவாரு. சிவப்பு வந்தா மொத்தப் பேரையும் வெளிய அனுப்பணுமாமே? கோர்ட்டுகூட ஒண்ணும் கேக்காதாமே?"

"கேக்காது. உயிர்ப் பாதுகாப்பு. யார் தடுத்தாலும் செல்லாது."

"யார் தடுத்தாலுமா?"

"யார் தடுத்தாலும்."

கையெடுத்துக் கும்பிட்டான். அவன் இறங்கிப் போகும் சத்தத்தைக் கடைசிப் படி வரை கேட்டேன். இந்த மாதத்தில் வயிறு நிறைந்த முதல் நாள் இன்றுதான்.

ஏப்ரல் 3, திங்கள்

0.66. மூன்றரை மணி.

கொண்டை போட்ட ஒருவன் லேசர் மீட்டரை வைத்துக் கீழ்த்தள மரத்தூண்களை அளந்துகொண்டிருந்தான். டெய்சி அக்காவின் வாசல் கதவை ஏழெட்டு போட்டோ எடுத்தான். முட்டுக் கொடுக்க எஸ்டிமேட் போடுகிறான் போல. முட்டுக்கு மரத்தூணின் நுணுக்கம் எதற்கு என்று கேட்க நினைத்தேன். வேலை இருந்தது.

ஏப்ரல் 5, புதன்

சேதுமாதவன் சார் போன்.

"குணாளா, பதிமூணு வீடும் அசையல. உன் வீடு மட்டும் ஏன்டா ஏறுது?"

"பழைய சுவர் சார்."

"எல்லாமே பழைய சுவர்தான்டா. நானே வந்து பாக்கறேன். காலைல என்னால முடியாது, ஏர்போர்ட் மீட்டிங். மத்தியானம் சாப்பிட்டுட்டு வரேன்."

"வாங்க சார்."

ஏப்ரல் 6, வியாழன்

வந்தார். மூன்று மணி. கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே தன் கையால் அளந்தார். 0.69. "ம்ம்" என்றார். ஊசி ஆடுகிறதா என்று தட்டிப் பார்த்தார். ஆடவில்லை. ஸ்லாபில் கை வைத்திருந்தால் சுட்டிருக்கும், வைக்கவில்லை. இருபத்தாறு வருஷ அனுபவம்.

ஏப்ரல் 10, திங்கள்

0.74.

ஏப்ரல் 12, புதன்

அக்கா வீட்டில் மத்தி மீன் சாப்பாடு. பாதியில் எழுந்துவிட்டேன். தலைவலி.

ஏப்ரல் 17, திங்கள்

0.79. ஒரே ஒரு புள்ளி குறை. 0.80 என்று எழுதினால் யாருக்குத் தெரியும்? எழுதவில்லை. நான் அப்படிப்பட்டவன் இல்லை.

படியில் டெய்சி அக்கா வழிமறித்தாள். கையில் கரண்டி.

"தம்பி, சிகாமணி கண்டதையும் சொல்லிட்டுத் திரியறான். வூடு விழுந்துரும்ன்றான். மெய்யாலுமா?"

"ரீடிங் ஏறுதுக்கா."

"ரீடிங் கெடக்கட்டும். நீ சொல்லு. நீ படிச்ச புள்ள. விழாதுன்னு நீ சொன்னா நான் பாட்டுக்கு உள்ள போய் அடுப்பைப் பாக்கறேன்."

"மெஷின் என்ன காட்டுதோ அதைத்தான்க்கா நான் சொல்ல முடியும்."

கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். "இளைச்சுப் போய்ட்ட. ஒழுங்கா வந்து துன்னு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

இன்று சாப்பிடப் போகவில்லை. காபிக் கடையில் ஒரு பன். கவிழ்த்த கைவண்டி மேல் வைத்துத் தின்றேன்.

ஏப்ரல் 19, புதன்

வெளியே 41 டிகிரி. திங்கள் வரை காத்திருக்கவில்லை, ஸ்பெஷல் ரீடிங் என்று எடுத்தேன். 0.84.

சிவப்பு. படிவத்தில் கட்டத்தை நானே சிவப்பு ஸ்கெட்ச்சால் நிரப்பினேன். கோதண்டபாணி, இதோ உன் வீடு. வாடகை இல்லை, கீழ்த்தளத்துக் குடோன் இல்லை, பூட்டித்தான் போட வேண்டும். சிகாமணி, இனி நீ எந்தக் கேட்டுக்குச் சாவி வைத்துக்கொள்ளப் போகிறாய்?

அக்காவுக்கு வேறு இடம் கிடைக்கும். கிடைக்காமல் போகாது. நானே பார்த்துக் கொடுப்பேன்.

ஏப்ரல் 26, புதன்

மாநகராட்சி மண்டல அலுவலக நோட்டீஸ் ஒட்டப்பட்டுவிட்டது. மே 3 காலை பத்து மணிக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டும்.

மாலை கேட் அருகே சிகாமணி நின்றிருந்தான். கோதண்டபாணியும் கூட. அந்த ஆளை இப்போதுதான் நேரில் பார்க்கிறேன். உடைந்துபோனவன் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் மெதுவாக நடந்தேன். கொண்டைக்காரன் ஒரு பெரிய தாளைக் கார் பானெட்டில் விரித்து வைத்து ஏதோ காட்டிக்கொண்டிருந்தான். வரைந்திருந்தது எங்கள் வீடுதான். படிக்கட்டு அப்படியே இருந்தது. டெய்சி அக்காவின் முன் அறையில், நாலு அடுப்பு இருக்கும் இடத்தில், வட்ட மேஜைகளும் தொட்டிச் செடிகளும்.

கோதண்டபாணி என் கையைப் பிடித்துக் குலுக்கினான். கை மெத்தென்று இருந்தது. "நீங்கதான் அந்த இன்ஜினியர் தம்பியா? பதினோரு வருஷமா வக்கீல் மேல வக்கீல் மாத்தினேன். உங்க மாதிரி நேர்மையா வேலை செய்யறவங்க முன்னாடியே வந்திருந்தா..."

"சிவப்பு வந்தா உடைஞ்சு போயிடுவாருன்னு சொன்னியே" என்று சிகாமணியைப் பார்த்துக் கேட்டேன்.

சிகாமணி சிரித்தான். பல்லில் பாக்கு. "அம்மா எப்படி இருக்காங்க தம்பி? இனிமே எப்ப வேணும்னாலும் கூட்டியாங்க. கேட்டு தெறந்தேதான் இருக்கும்."

ஏப்ரல் 28, வெள்ளி

அவனைக் கொல்ல வேண்டும் என்று மட்டும் தோன்றுகிறது. வேறு எதுவும் எழுத வரவில்லை.

ஏப்ரல் 30, ஞாயிறு

அக்கா அண்டாக்களைக் கயிற்றில் கட்டிக்கொண்டிருக்கிறாள். மீஞ்சூரில் தங்கை வீடு. அடுப்பு வைக்க அங்கே இடம் இல்லை. வக்கீலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். கேஸ் என்றால் இன்னும் இருபது வருஷம் இழுக்கலாம், ஆனால் இடிந்து விழும் என்று இன்ஜினியர் எழுதிக்கொடுத்த வீட்டில் இரு என்று எந்த நீதிபதியும் சொல்ல மாட்டார் என்றாராம்.

சாப்பிட வந்தவர்கள் படியில் உட்காராமல் நின்றபடியே இருந்தார்கள். ஒருவர் "நாளையிலேர்ந்து எங்கக்கா?" என்று கேட்டார். அக்கா அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள்.

மே 1, திங்கள்

காலை ஆறு மணி. யாரும் அளக்கச் சொல்லவில்லை. அளந்தேன். 0.06.

சேதுமாதவன் சார் வீட்டுக்குப் போனேன். நேரத்தைச் சொன்னேன், ஸ்லாபைச் சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"ஏப்ரல் ஆறு மத்தியானம் நானே அளந்தேன்."

"ஆமா சார்."

"அதுல என் கையெழுத்து இருக்கு."

"ஆமா சார்."

"போய் வேற வீடு பாரு. நானும் நீயும் இதைப் பேசல. வாயத் தொறந்தா நீ இந்தத் தொழில்ல எங்கயும் நிக்க முடியாது. நானும்தான். எனக்குப் பொண்ணு கல்யாணம் இருக்கு, உனக்கு என்ன இருக்கோ தெரியல."

திரும்பி வரும் வழியில் பீச் ஸ்டேஷனில் இறங்காமல் உட்கார்ந்தே இருந்துவிட்டேன். ரயில் மறுபடி தாம்பரம் வரை போய் வந்தது.

மே 2, செவ்வாய்

அக்காவிடம் சொன்னேன். அவள் கரியடுப்பைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். சொல்லி முடித்ததும் சாக்கைக் கீழே போட்டாள்.

"அன்னிக்கு நான் கேட்டப்பவும் உனுக்குத் தெரியும்."

"தெரியும்க்கா."

"என் சோத்தைத் துன்னுக்கினே அளந்திருக்க."

"உங்களுக்கு எதிரா இல்லக்கா. அவனுங்கள... எங்கம்மாவை ரெண்டு மணி நேரம்..."

"எந்த ரெண்டு மணி நேரம்?"

கீழே கிடந்த சாக்கை எடுக்கக் குனிந்தேன்.

"கேட்டாண்ட உங்கம்மா நின்னது இருபது நிமிஷம். நான் குழம்பை எறக்கிட்டு வந்து கதவைத் தொறந்துட்டேன். ரெண்டு மணி நேரம் நின்னது ஆஸ்பத்திரி வாசல்ல. நீ கூட்டிக்க வரேன்னு சொல்லியிருந்த. மருந்துச் சீட்டு உன் பையில. கடைக்காரன் சீட்டு இல்லாம குடுக்கல. அந்தம்மா எங்கிட்ட சொல்லிச்சு. புள்ள மனசு கஷ்டப்படும், சொல்லாதீங்கன்னு கையைப் புடிச்சிக்கிச்சு."

சீட்டு என் பையில்தான் இருந்தது. காலிப்பர் பெட்டிக்குக் கீழே. பதினான்காம் தேதி மாலையே பார்த்தேன். இந்த நோட்டில் எழுதவில்லை.

"அழுவாத" என்றாள். "எனக்கு அதைப் பாக்க நேரம் இல்ல. காலைல ஆறு மணிக்கு நோட்டீஸ் போட்ட அந்த ஆபீசரை இங்க கூட்டியா. எப்படிக் கூட்டியாருவியோ எனக்குத் தெரியாது. வந்து என் எதுருல அள."

மே 3, புதன்

மண்டலப் பொறியாளர் கமலக்கண்ணனை அவர் வீட்டு வாசலில் ஐந்து மணிக்குப் பிடித்தேன். பால் வாங்க வந்தவர் லுங்கியில் இருந்தார். என்னைப் பைத்தியம் என்றுதான் முதலில் நினைத்தார். "சார், நான் கொடுத்த ரிப்போர்ட் தப்பு. நான்தான் தப்பாக்கினேன். எழுதியே தரேன்" என்றேன். பேன்ட் மாற்றிக்கொண்டு வந்தார்.

ஆறு மணிக்கு 0.06. அவர் கையால் அளந்தார், தன் நோட்டில் நேரத்தையும் எழுதிக்கொண்டார். "சரி, இப்ப என்ன?" என்றார். "சாயங்காலம் வரைக்கும் இருங்க சார்" என்றேன். அக்கா அவருக்கு ஒரு ஸ்டூல் போட்டாள். சாக்கைப் பிரித்து ஒரு அடுப்பை மட்டும் பற்றவைத்தாள்.

எட்டு மணிக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. பத்துக்கு 0.23. அப்போதுதான் காலி செய்யும் ஆட்களோடு சிகாமணி வந்தான்.

"என்ன சார், டைம் ஆச்சு. தம்பிக்கு வெயில் தலைக்கு ஏறிடுச்சு, அவன் பேச்சைக் கேட்டுக்கிட்டு..."

"நீ யாரு?" என்றார் கமலக்கண்ணன்.

"ஓனர் சைடு சார்."

"அப்ப சைடுல நில்லு."

படியில் யாரோ சிரித்தார்கள். சாப்பிட வருபவர்கள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்திருந்தார்கள், சாப்பாடு உண்டா இல்லையா என்று தெரியாமலே. யாரும் போகவில்லை. பன்னிரண்டுக்கு 0.46. இரண்டு மணிக்கு 0.71. ஒவ்வொரு எண்ணையும் கமலக்கண்ணன் சத்தமாகப் படித்தார். மூன்றரைக்கு 0.86. அவர் ஸ்லாபின் அடியில் உள்ளங்கையை வைத்தார், உடனே எடுத்துவிட்டார்.

"முப்பத்தஞ்சு வருஷமா தெனம் இப்படித்தான் தெறந்து மூடிட்டிருக்கு" என்றார். "நோட்டீஸை நிறுத்திவைக்கிறேன். வேற கம்பெனி வந்து முழுசா டெஸ்ட் பண்ணட்டும். அதுவரைக்கும் யாரும் காலி பண்ண வேண்டாம்."

சிகாமணி போனை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினான். ஓடட்டும். அவன் முகத்தைப் பார்த்தேன். எதிர்பார்த்த அளவுக்கு இல்லை.

பிறகு என் வாக்குமூலம். அக்காவின் அரிசிப் பெட்டி மேல் தாளை வைத்து எழுதினேன். என்ன செய்தேன், எந்தெந்தத் தேதி, எந்தெந்த நேரம். நேரங்களுக்கு இந்த நோட்டைப் பார்த்துக்கொண்டேன். கடைசியில் கமலக்கண்ணன், "காரணம் எழுதணும். ஏன் செஞ்ச?" என்றார்.

பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். 'மார்ச் 14 அன்று என் தாயாரை' என்று ஆரம்பித்தேன்.

அக்கா தாளின் மேல் கையை வைத்தாள். கையில் மஞ்சள் கறை, மீன் வாடை.

"அந்தம்மா பேரை இதுல இழுக்காத."

அடித்துவிட்டேன். 'கோபம்' என்று எழுதினேன். கமலக்கண்ணன் படித்தார். "யார் மேல?" என்றார். அந்த இடத்தை வெறுமையாக விட்டுக் கையெழுத்துப் போட்டேன். அவரும் வற்புறுத்தவில்லை.

மே 5, வெள்ளி

கம்பெனியிலிருந்து மெயில். வேலை இல்லை. சேதுமாதவன் சாரையும் விசாரிக்கிறார்களாம். போலீஸ் கூப்பிட்டால் வர வேண்டும் என்று கமலக்கண்ணன் ஆபீசிலிருந்து சொன்னார்கள். காலிப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

ராத்திரி அம்மாவிடம் பேசினேன். கண் எப்படி என்று கேட்டேன். "பரவால்ல சாமி" என்றாள். அடுத்த மாசம் ஆஸ்பத்திரிக்கு நானே ஊருக்கு வந்து கூட்டிப்போகிறேன் என்றேன். "வேல இருந்தா வேணாம்" என்றாள்.

மே 8, திங்கள்

அறையைக் காலி செய்தேன். சாவியைச் சிகாமணி கையில் கொடுத்தேன். அவனை நினைத்தால் இன்னும் பல்லைக் கடிக்கிறேன். அதை மறைத்து எழுத மாட்டேன், மறைத்து எழுதியது போதும்.

மதியம் ஒரு மணி. டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினேன். நாலு அடுப்பும் எரிந்துகொண்டிருந்தன. படிக்கட்டு முழுக்க ஆட்கள், மடியில் தட்டு. கால் வைக்க இடம் இல்லை. அக்கா வாசலில் நின்று சோறு போட்டுக்கொண்டிருந்தாள். என் வேலை போனது அவளுக்குத் தெரியும். கூப்பிடுவாள் என்று ஒரு படியில் நின்றேன். பெட்டியைத் தோள் மாற்றுவதுபோல நின்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு படியில் இருந்தவர்களைப் பார்த்தாள்.

"அவருக்கு வழி வுடுங்கப்பா" என்றாள். "வேலைக்கு நேரமாவுதுல்ல?"